மூக்கை எடுத்துவிடுதல்

என் தம்பி மனைவி எந்த பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிறாள் என்று என்னிடம் கேட்டவர்களை வரிசையாக நிற்க வைத்தால், அந்த வரிசை பருத்திப்பட்டில் எங்கள் ஃபிளாட் வாசலில் ஆரம்பித்து ஆவடி பஸ் ஸ்டாண்டில் போய் முடியும். அவள் பார்லரில் வேலை பார்க்கவில்லை. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பிசியோதெரபி பாடம் நடத்துகிறாள். அதைச் சொன்னாலாவது விடுவார்களா? "ஓ, மசாஜா?" என்பார்கள். கேட்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் கொழுக்கட்டை செய்தால் ஒரு கிண்ணத்தில் மூடி எடுத்துவந்து கொடுக்கிறவர்கள். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக வரும். கெட்டவர்கள் என்றால் கதவைச் சாத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

அவள் மிசோரம் பெண். என் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறேன் என்று முழங்காலைக் கெடுத்துக்கொண்டு, அந்தக் கல்லூரியின் மருத்துவமனைக்கு ஒன்றரை மாதம் நொண்டியபடி போய்வந்தான். கால் சரியான பிறகும் போய்வந்தான். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் இல்லாத வீடு, அவனுக்குப் பெரியவள் என்று இருப்பது நான் ஒருத்திதான். "அக்கா, ஒரு பொண்ணு..." என்று இழுத்தபடி அவன் போட்டோவைக் காட்டியபோது, "என்னடா, பொம்மை மாதிரி இருக்கா!" என்றேன். மனசார வந்த வார்த்தை. அன்றிலிருந்து எனக்கு அவள் பொம்மை. கல்யாணமாகி எங்கள் ஃபிளாட்டிலேயே இரண்டாவது மாடிக்குக் குடிவந்தார்கள். நானும் என் கணவரும் நாலாவது மாடி. "பொம்மை, சாப்டியா?" "பொம்மை, மொட்டை மாடியில துணி காயுது பார்." தம்பியைப் பார்த்து அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நாத்தனாரும் தம்பி மனைவியும் இவ்வளவு ஒட்டுதலாக இருப்பதை ஃபிளாட்டே பார்க்கட்டும் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவள் தமிழ் கற்றது முட்டிவலிக்காரர்களிடம். பூந்தமல்லியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வருகிற வயதானவர்களின் கைகால்களை மடக்கி நீட்டியபடியே கற்ற தமிழ். நான் சாத்தூர்க்காரி. பதினெட்டு வருடமாக இங்கே குப்பை கொட்டியும் 'இன்னா' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காய்கறிக் கடைக்காரர் அவள் முகத்தைக் கண்டதும் இந்திக்குத் தாவிவிடுவார். அவளுக்கோ இந்தி அரைகுறை. "இன்னாண்ணா, கத்திரிக்கா இம்மாம் முத்தலா கீது? தமிழ்லயே சொல்லுங்க" என்பாள். அவர் வாய்விட்டுச் சிரித்து, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "மாமே, சைனாப் பொண்ணு நம்ம பாசை பேசுது பாரு" என்பார். சரி, தெரிந்துகொண்டாரே என்று பார்த்தால் அடுத்த வாரம் மறுபடியும் இந்திதான்.

லிஃப்டில் ஒரு நாள் கீழ் வீட்டு அம்மா, "உங்க ஊர்ல நாயெல்லாம் சாப்பிடுவீங்களாமே, நிஜமாவா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, கையிலிருந்த பொமரேனியனைக் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டார். தமாஷாம். இவள் சிரித்துவைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால், கொரோனா அடங்கி ரயில் ஓட ஆரம்பித்த சமயத்தில், அம்பத்தூரில் ஏறிய சில பையன்கள் இவளைப் பார்த்து அந்த நோயின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம். அதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், அதுவும் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தபோது.

நான் சிரித்துவைக்கிற ரகம் இல்லை. லிஃப்ட் விஷயம் தெரிந்த அன்றே குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதிப் போட்டேன். நாலு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். மூன்றாவது மாடிக்காரர் ஒருவர், "மேடம், இனிமே எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாதுன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்துடுங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டிடலாம்" என்று எழுதி, பின்னாலேயே சிரிக்கும் முகம் மூன்று போட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்கு எப்படிச் சொன்னால் புரியும்? சொல்கிறவர் ஒரே ஒரு தடவைதான் சொல்கிறார், சொன்னதை அன்றே மறந்தும்விடுகிறார். கேட்கிறவளுக்கு அது ஐந்நூறாவது தடவை. அவரிடம் மட்டும் கோபப்பட்டால் அவருக்கு அநியாயமாகத் தெரிகிறது. கோபப்படாவிட்டால் ஐந்நூற்றியொன்று தானாக வருகிறது. இதையும் எழுதினேன். அதற்கும் ஒரு சிரிக்கும் முகம் வந்தது. அதிலிருந்து ஃபிளாட்டில் எனக்கு 'நாலாவது மாடி சண்டைக்காரி' என்று பேர்.

எனக்கு இதெல்லாம் நன்றாகவே புரியும் என்றுதான் நினைத்திருந்தேன். நான் நல்ல கறுப்பு. மூக்கும் அகலம். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு வீட்டார், "பொண்ணு தங்கமான பொண்ணு, நிறம்தான் கம்மி" என்று சொல்லி அனுப்பினார்கள். என்னமோ எடைபோட்டு வாங்குகிற சாமான் போல. என்னைக் கட்டியவர் அப்படி எதுவும் சொல்லாத மூன்றாவது ஆள். அலுவலகத்திலும் இதே கதைதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வடக்கிலிருந்து வீடியோவில் வரும் மேலாளர் ஒரு நாள் எல்லார் முன்னாலும், "லைட்டைப் போடுங்க மேடம், பல்லு மட்டும்தான் தெரியுது" என்றார். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். பதின்மூன்றாவதாக நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே இரண்டாவது மாடிக்குத்தான் போனேன். டீ ஆறும்வரை அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க ஏன்கா சிரிச்சீங்க?" என்றாள்.

"சிரிக்காம என்ன பண்றது? அழவா முடியும்? சிரிக்கலன்னா நம்மளத்தான் ஒரு மாதிரி பார்ப்பாங்க."

"ம்ம்" என்றாள். அவள் சிரிப்புகளையும் நான் அப்போதே எண்ணிப் பார்த்திருக்கலாம். எனக்கு என் கோபமே பெரிதாக இருந்தது.

அப்புறம் பாப்பா பிறந்தாள். எனக்குக் குழந்தை இல்லை. ஏன் இல்லை என்று கேட்டு ஆளாளுக்குப் புண்ணைக் கிளறியாகிவிட்டது, இங்கே அது வேண்டாம். பாப்பாவை முதல் தடவை கையில் வாங்கியபோது, இவளை நான்தான் வளர்க்கப்போகிறேன் என்று மனசு முடிவு கட்டிவிட்டது, அவ்வளவுதான். திட்டமும் அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். பிரசவ விடுப்பு முடிந்து அவள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும் பகல் முழுக்கப் பாப்பா என்னிடம். அதற்காக நான் அலுவலகத்தில் மல்லுக்கட்டி வீட்டிலிருந்தே வேலை என்று எழுதி வாங்கினேன். எங்கள் ஹாலில் ஒரு தொட்டில் மாட்டியாயிற்று. என் கணவர் தினமும் ஒரு தடவை அந்தத் தொட்டிலைச் சும்மா ஆட்டிப் பார்ப்பார்.

குழந்தை பார்க்க வருகிறவர்கள் நம் ஊரில் குழந்தையைப் பார்ப்பதில்லை, பங்கு பிரிக்கிறார்கள். நெற்றி யாருடையது, காது யாருடையது, மோவாய் யாருடையது. சாத்தூரிலிருந்து வந்த பெரியம்மா பாப்பாவின் காது நுனியை மடக்கிப் பார்த்தார். பிறந்த குழந்தையின் காது நுனி என்ன நிறமோ அதுதான் பிற்பாடு நிலைக்கிற நிறம் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. "நிறம் அம்மாவக் கொண்டிருக்கு, தப்பிச்சா" என்றார். தப்பித்தது என்னிடமிருந்து என்று எனக்குப் புரிந்தது. அடுத்ததாக, "கண்ணும் மூக்கும்தான் அவங்க ஊரு. கண்ணுக்கு மை தீட்டிப் பெருசாக்கிரலாம். மூக்கு ரொம்பத்தான் சப்பை" என்று, பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவளின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். சண்டைக்காரி சும்மா இருப்பாளா? "பெரியம்மா, வந்த எடத்துல இப்படியா பேசுறது?" என்று பிடித்துக்கொண்டேன். "ஏன்டி, தமாஷுக்கு ஒரு வார்த்தை சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிற? அவளே ஒண்ணும் சொல்லல, உனக்கு என்ன?" என்றார் பெரியம்மா. அவள் நிஜமாகவே ஒன்றும் சொல்லவில்லை. பாப்பாவை, கீழே விரித்திருந்த சேலையோடு சேர்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

குழந்தை குளிப்பாட்ட நெமிலிச்சேரியிலிருந்து ஒரு அம்மாவை ஏற்பாடு செய்தேன். இந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். நூறு குழந்தைகளுக்குக் குறையாமல் குளிப்பாட்டிய கை. பாத்ரூமில் மணையைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்கால்களுக்குக் கீழே இரண்டு கால்கள்மேலும் பாப்பாவைக் கிடத்தி, தலையிலிருந்து பாதம் வரை எண்ணெய் தேய்ப்பார். முதல் நாளே பாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கொயந்த மூக்கு இப்டி சப்பையா கீது. அவங்க அம்மா ஜாடையா? கவலைய வுடு. டெய்லி எண்ணெ வச்சி எடுத்து வுட்டா மூணு மாசத்துல கூரா வந்துரும்" என்றார்.

"சப்பைங்கிற வார்த்தை இந்த வீட்டுல கூடாதும்மா" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

"சரிம்மா, சொல்லல" என்றார். சொன்ன சொல் தவறாதவர். அதற்கப்புறம் ஒரு நாளும் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எண்ணெயில் தொட்டு, பாப்பாவின் புருவ நடுவிலிருந்து மூக்கு நுனி வரை பிடித்துப் பிடித்து இழுத்துவிட்டார், தினமும் இருபது தடவை. நான் பக்கத்திலேயே வெந்நீர் விளாவிக்கொண்டு நின்றேன். வார்த்தையை நிறுத்திவிட்டேன் என்ற திருப்தியில் நின்றேன்.

இதில் எனக்குத் தப்பாக எதுவும் படவில்லை. மூக்கை எடுத்துவிடுவது நம் வீடுகளில் எல்லாக் குழந்தைக்கும் செய்கிறதுதான். எனக்கும் செய்தார்கள். "மூணு மாசம் எடுத்துவிட்டும் உன் மூக்கு வழிக்கு வரலடி" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் போனதும் அந்த அம்மாவுக்குப் பேத்தி பிறந்து அவர் நின்றுவிட்டார். அப்புறம் குளிப்பாட்டியது நான்தான். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலைகள் இருந்ததில்லை. பாப்பா என் கால்மேல் கிடந்து கையைக் காலை உதைப்பாள். நான் பாட்டு மாதிரி இழுத்து, "கூரா வரணும், கூரா வரணும், என் தங்கத்துக்கு மூக்கு நல்லா வரணும்" என்று சொல்லிக்கொண்டே எடுத்துவிடுவேன். கதவருகே அவள் துண்டை விரித்துப் பிடித்தபடி நிற்பாள். "அக்கா, மூக்கெலும்பெல்லாம் புடிச்சி இழுத்தா மாறாதுக்கா. நான் அதைத்தான் காலேஜ்ல நடத்துறேன்" என்று ஒரு நாள் சொன்னாள். "உன் படிப்புக்குத் தெரியாது, எங்க கைக்குத் தெரியும்" என்றேன். அதற்கும் அவள் சிரித்தாள்.

பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்த வாரத்தில், "நாளைலேர்ந்து நானே குளிப்பாட்டிக்கறேன்கா" என்றாள். "உனக்கு ஏன் சிரமம்?" என்றேன். "சிரமம் இல்லக்கா" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு இரண்டாவது மாடிக்குப் போனபோது பாப்பா குளித்து, உடுத்தி, தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. படிக்கட்டில் ஏறி வரும்போதே அழுகை வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் தம்பி மேலே வந்தான். வந்தவன் உட்காரவில்லை. தொட்டில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னான். மிசோரத்திலிருந்து அவளுடைய அம்மா வருகிறாராம். அவள் இன்னும் மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்புப் போட்டுவிட்டுப் பாப்பாவோடு ஊருக்குப் போகிறாளாம். திரும்பி வரும்போது பாப்பாவைக் கூட்டி வருவதா, கொஞ்ச காலம் அம்மாவிடமே விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

"அப்ப நான் எதுக்குடா இருக்கேன்?" என்றேன். "நான் என்னடா தப்பு பண்ணேன்?"

"நீயே அவகிட்ட பேசுக்கா" என்றான். அவன் முகத்தில் இருந்த சங்கடம் என்னை இன்னும் கிளப்பிவிட்டது. செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனேன்.

அவள் பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "உனக்காக நான் இந்த ஃபிளாட்டுல யார்கிட்ட சண்டை போடல, சொல்லு? என்கிட்ட விட்டுட்டுப் போக முடியாத அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்? சொல்லு பொம்மை" என்றேன்.

"மொதல்ல அதை நிறுத்துங்கக்கா" என்றாள்.

"எதை?"

"பொம்மைங்கறதை." துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ட்ரெயின்ல அந்தப் பசங்க நோய் பேர சொல்லிக் கூப்ட்டாங்கன்னு சொன்னேன்ல, அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு கூப்ட்டாங்க. சைனா பொம்மை, சைனா பொம்மைன்னு. ஆவடி வர்ற வரிக்கும் பாட்டாவே பாடிகினு வந்தாங்க."

"ரெண்டு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையா கூப்ட்டீங்க. ஆசையா கூப்டறவங்களாண்ட எப்டிக்கா சொல்றது?"

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "சரி, அதை விடு. குளிப்பாட்டுறதுல என்ன தப்பு? மூக்கை எடுத்துவிடுறது எல்லாக் குழந்தைக்கும் செய்றது. எனக்கும் செஞ்சாங்க" என்றேன்.

"தெரியும்கா. ஆனா பாப்பா மூக்கு யாரு ஜாடைன்னு எல்லாரும் என்னப் பாத்துகினுதான் சொன்னாங்க. அந்த மூக்க நீங்க டெய்லி சரி பண்றீங்க. நான் துண்டப் புடிச்சிகினு கதவாண்ட நின்னு என் மூக்கத்தான் தொட்டுப் பாக்கறேன். இன்னா தப்பா கீது அதுல?" இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "கீழ் ஊட்டு அம்மா சொன்னா நீங்க சண்டைக்குப் போவீங்க. நீங்களே செஞ்சா நான் யாராண்ட போய்ச் சொல்றது?"

இதற்கு நான் என்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். "அப்ப எதைச் சொல்லலாம், எதைச் செய்யலாம்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்துடு. செவுத்துல ஒட்டி வச்சிக்கிறேன்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே அது மூன்றாவது மாடிக்காரரின் வரி என்று தெரிந்துவிட்டது. சிரிக்கும் முகம் ஒன்றுதான் பாக்கி. அவள் மறுபடி துணி மடிக்க ஆரம்பித்தாள்.

பத்து நாள் இரண்டாவது மாடிப் பக்கம் போகவில்லை. கோபம் யார்மேல் என்று எனக்கே பிடிபடவில்லை. காலையில் அவள்மேல் இருக்கும். இவ்வளவு பாசம் கொட்டியும் மூக்கில் ஒரு விரல் பட்டதைப் பெரிசுபடுத்துகிறாளே என்று தோன்றும். மதியம் வீடியோவில் மேலாளரின் முகத்தைப் பார்த்ததும், அந்த ஆளும் என்னை நல்ல ஊழியர் என்றுதானே எல்லாரிடமும் சொல்கிறார், பல் மட்டும் தெரிகிறது என்று சொன்னதும் அதே வாய்தானே என்று தோன்றும். சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கப் போவேன். அங்கே எதிரில் வருகிறவர்களின் மூக்கையெல்லாம் பார்த்துக்கொண்டே நடப்பேன். பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை லிஃப்டில் ஏறி, இரண்டு தடவையும் தரைத்தளத்துக்கே போய்விட்டேன்.

அவளுடைய அம்மா வந்த அன்று போகாமல் இருக்க முடியவில்லை. சின்ன உருவம். வாய் நிறையச் சிரிப்பு. எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. நான் கும்பிட்டேன், அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தம்பி பாப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தான். பத்து நாளில் பாப்பா கனத்திருந்தாள். அந்த அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று சத்தமாக ஏதோ சொல்லி, ஒரு விரலால் பாப்பாவின் மூக்கைத் தொட்டார். அதே விரலால் என் மூக்கையும் தொட்டார். மறுபடி பாப்பா, மறுபடி நான். தொட்டுத் தொட்டுச் சிரித்தார்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். தம்பிக்குப் புரியவில்லை. அவள் பாப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு அப்டியே உங்க மூக்காம்கா" என்றாள்.

நான் எழுந்து அவர்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் பாப்பாவோடு போய் நின்றேன். நுனியில் உருண்டு, இரண்டு பக்கமும் அகன்று, நடுவில் மேடே இல்லாத மூக்கு. பெரியது ஒன்று, சின்னது ஒன்று. தம்பி மனைவியின் மூக்கு சின்னது, ஒடுங்கினது, இதன் கிட்டேகூட வராது. மூன்றரை மாதமாக வந்தவர் போனவர் அத்தனை பேரும் பாப்பாவின் மூக்கை மிசோரத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நான் உள்பட. என் அம்மா வழிக்குக் கொண்டுவரப் பார்த்துத் தோற்றுப்போன மூக்கு அது. அதை நான் தினமும் எண்ணெய் போட்டு இழுத்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரையாவது பளாரென்று அறைய வேண்டும் போல இருந்தது. கண்ணாடியில் இருந்தது நான் மட்டும்தான்.

அவர்கள் கிளம்புகிற அன்று காலையில் அவளே ஃபோன் செய்தாள். "இன்னிக்கு நீங்க குளிப்பாட்டுங்கக்கா" என்றாள். ஓடினேன். மணையைப் போட்டு உட்கார்ந்து காலை நீட்டினேன். பாப்பா பழைய இடத்தை ஞாபகம் வைத்திருந்தது போல உதைத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்தேன். நெஞ்சு, கை, வயிறு, தொடை, பாதம் எல்லாம் தேய்த்தேன். வாயைத் திறக்கவில்லை. எதையாவது உளறிவிடுவேன் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடித்துவிட்டு அடுத்து வெந்நீர் எடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தபோது, என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பாப்பாவின் புருவ நடுவில் போய் உட்கார்ந்திருந்தன. நான் போகச் சொல்லவில்லை. இவ்வளவு நடந்த பிறகு, இவ்வளவு தெரிந்த பிறகு, கை தன்பாட்டுக்குப் போய்விட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். கதவருகே அவள் துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். பார்த்துவிட்டாள்.

விரலை எடுத்தேன். அந்த எண்ணெயை எங்கே துடைப்பதென்று தெரியாமல் என் மூக்கிலேயே தேய்த்துக்கொண்டேன். "மன்னிச்சிடு" என்றேன். அவள் குனிந்து, பாப்பாவின் தொடையைத் தொட்டுப் பார்த்து, "தண்ணி ஊத்துங்கக்கா, கொயந்தைக்கு குளிருது" என்றாள்.

பதினொரு மணிக்கு டாக்ஸி வந்தது. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருவாயா என்ற கேள்வி என் வாய் வரை வந்து நின்றது. அதைக் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? அவள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் போய் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அவள் கண்ணாடியை இறக்கினாள். "அப்டி இல்லக்கா" என்று சொல்லி, தன் பெயரைத் தானே ஒரு தடவை மெதுவாகச் சொல்லிக் காட்டினாள். நான் திருப்பிச் சொன்னேன். தப்பு. மறுபடி சொல்லிக் காட்டினாள். மறுபடியும் எனக்கு வரவில்லை. அவள் மூன்றாவது தடவை சொன்னபோது வண்டி நகர்ந்துவிட்டது.